பிள்ளையின் முதுகில் நீர் எடுக்க: கை மதிப்பா, ஸ்கானா, யாழ்ப்பாணமா?

வன்னியில் ஒரு குழந்தைகள் வாட். மூன்று மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல், சோர்வு. பால் குடிக்கவில்லை, உச்சிக்குழி கொஞ்சம் உப்பியிருக்கிறது. "மூளைக்காய்ச்சலோ எண்டு பார்க்க முதுகில தண்ணி எடுக்க வேணும், கையெழுத்து வையுங்கோ" என்கிறார் டொக்டர். வீட்டாரிடம் உடனே மூன்று கருத்து எழும். முதுகில் குத்தினால் பிள்ளை நடக்காது, வேண்டாம் என்பார் அம்மம்மா. "ஸ்கான் பார்த்துக் குத்தேலாதோ டொக்டர்?" என்று கேட்பார் தாய்; ஒலியலையால் உள்ளே படம் காட்டும் ஸ்கானைத்தான் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மாமா, யாழ்ப்பாணத்துக்கு ஏற்றச் சொல்லுவார்.

குழந்தைகள் வாட்டில் வேலை செய்கிற எனக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. அண்மையில் பலர் எழுதியும் கேட்டிருக்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் விடை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றல்ல. அதனால் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அம்மம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். முண்ணாண், அதாவது மூளையிலிருந்து முதுகுக்குள் இறங்கும் நரம்புத் தண்டு, முள்ளந்தண்டின் அடிவரை போவதில்லை. வளர்ந்தவர்களில் அது கீழ்முதுகான நாரிப் பகுதியின் முதலாம், இரண்டாம் என்பு அளவில் முடிந்துவிடும். பிறந்த குழந்தையில் இன்னும் சற்றுக் கீழே, பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் என்பு அளவில் முடியும். ஊசி போவது அதற்கும் கீழே, மூன்றுக்கும் நாலுக்கும் இடையில், அல்லது நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். அங்கே இருப்பது மூளையையும் முண்ணாணையும் சுற்றியிருக்கும் அதே நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான். குளத்தில் கையை விட்டால் பாசி விலகுவதுபோல் அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். எடுக்கிற நீர் ஒன்றிரண்டு மில்லிலீற்றர். உடல் அதைச் சில மணித்தியாலத்துக்குள் மீண்டும் சுரந்துவிடும். 1891இல் ஜேர்மனியில் ஹைன்ரிச் குவிங்கே இதைச் செய்து காட்டிய நாளிலிருந்து முறையின் அடிப்படை மாறவில்லை. ஊசி போகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் விதம்தான் மாறி வருகிறது.

எதை வைத்து அளப்பது

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது மருந்து ஏறும் நேரம். மூளைக்காய்ச்சல் என்று பலமாகச் சந்தேகித்தால் அன்ரிபயோற்றிக் ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏற வேண்டும். எந்த வழி அந்த மணித்தியாலத்தைத் தின்கிறதோ, அது எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு உதவாது.

இரண்டாவது, முதல் குத்திலேயே தெளிந்த நீர் வருமா என்பது. இதன் பெறுமதி பெற்றோருக்கு லேசில் தெரிவதில்லை. ஊசி பக்கத்திலுள்ள சின்ன நாளத்தைத் தொட்டால் இரத்தம் கலந்து வரும். இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் இருப்பதால், நீரில் தெரியும் கலங்கள் கிருமித் தொற்றால் வந்தவையா, ஊசியால் வந்தவையா என்று பிரிப்பது கடினம். கணக்குப் போட்டுக் கழித்துப் பார்க்கும் முறைகள் உண்டு. நம்பி மருந்தை நிறுத்துகிற அளவுக்கு அவை போதாது. கிருமியும் வளராவிட்டால் டொக்டர் பாதுகாப்பான பக்கத்தில்தான் நிற்பார். பிள்ளை 14 நாளோ 21 நாளோ ஊசி மருந்தோடு வாட்டில் இருக்கும். தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், மூத்த பிள்ளைகளை அயல் வீட்டில் விட வேண்டும், கூலி வேலைக்குப் போகும் தகப்பன் சாப்பாட்டோடு வந்துபோக வேண்டும். அரச வைத்தியசாலையில் பணம் வாங்குவதில்லை, உண்மைதான். ஆனால் இரத்தம் கலந்த ஒரு போத்தல் நீரின் விலையை வீடுதான் கொடுக்கிறது.

மூன்றாவது, குத்தும்போது பிள்ளையின் மூச்சு. வளைத்துப் பிடிக்கும்போது சின்னக் குழந்தைக்கு மூச்சு அடைபடலாம். நாலாவது, செய்பவரின் கைப்பழக்கம். இயந்திரம் இருக்கிறது என்பதும் அதைப் பழகியவர் இருக்கிறார் என்பதும் வேறு வேறு விஷயம்.

கையால் தடவிப் பார்த்துக் குத்துவது

இடுப்பென்பின் இரண்டு மேல் விளிம்புகளையும் கையால் தொட்டு, அவற்றை இணைக்கும் ஒரு கோட்டை முதுகில் மனதால் போடுவார்கள். அந்தக் கோடு வளர்ந்தவர்களில் நாலாம் நாரியென்பு அளவில் விழும், குழந்தைகளில் அதைவிடச் சற்றுக் கீழே. அதை வைத்து இடைவெளியை விரல் நுனியால் தேடி ஊசியை இறக்குவார்கள். இயந்திரம் வேண்டாம், நடு இரவிலும் செய்யலாம், மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் ஒரே மாதிரிச் செய்யலாம். நேரம் என்ற முதல் அளவுகோலில் இதை வேறு எதுவும் வெல்லாது.

குறை என்னவென்றால், விரல் நினைத்த இடைவெளியும் உண்மையான இடைவெளியும் எப்போதும் ஒன்றல்ல. ஒரு இடைவெளி மேலே போய்விடுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். கொழுகொழு என்றிருக்கும் ஐந்து மாதப் பிள்ளையில் எலும்பே விரலுக்குத் தட்டுப்படாது. ஆழமும் ஊகம்தான். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 0.03ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஆழம் வரும் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. 60 சென்ரிமீற்றர் பிள்ளைக்கு 1.8 சென்ரிமீற்றர். வழிகாட்ட அது உதவும். ஆனால் குழந்தையில் சில மில்லிமீற்றர் கூடப் போனாலே முன்பக்க நாளங்களில் பட்டு இரத்தம் வந்துவிடும்.

இந்த வழி நன்றாக நடப்பது பெரும்பாலும் ஊசி பிடிப்பவரால் அல்ல, பிள்ளையைப் பிடிப்பவரால் என்பது என் உறுதியான எண்ணம். நல்ல ஒரு தாதி பிடிப்பதைப் பாருங்கள். ஒரு கை முழங்கால்களுக்குப் பின்னால், மறு கை தோளில். தொடைகளை வயிற்றை நோக்கி மடக்குவார். அதுதான் என்புகளுக்கு நடுவே இடைவெளியைத் திறக்கிறது. கழுத்தை மடக்கமாட்டார், ஏனென்றால் அதனால் இடைவெளி கூடுவதில்லை, மூச்சுத்தான் அடைபடும். முதுகு கட்டிலுக்குச் செங்குத்தாக நிற்கும், ஒரு பாகைகூடச் சாயாது. பிள்ளையின் விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப் இருக்கும், தாதியின் கண் அதன் எண்ணில் இருக்கும். சில குழந்தைகளை இருத்தியும் பிடிக்கலாம், மூச்சுக்கு அது சுகம்.

விறைப்பு மருந்தையும் விடக்கூடாது. பூசும் கிறீம் வேலை செய்ய ஒரு மணித்தியாலம் எடுக்கும். அவசரம் என்றால் சின்ன ஊசியால் லிக்னோகெயின் போட்டுச் சில நிமிடம் பொறுக்கலாம். பிறந்த குழந்தைக்கு நாக்கில் சீனிக் கரைசல் சில துளி விடுவார்கள். இது இரக்கத்துக்காக மட்டும் செய்வதல்ல. வலியில் துள்ளாத பிள்ளையில் முதல் குத்து சரிவரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஸ்கானில் பார்த்து, அடையாளம் வைத்துக் குத்துவது

தாய் கேட்ட கேள்வி இதுதான். மற்றவர்களைவிடச் சின்னக் குழந்தைக்கு இது பொருந்துவதற்கு உடற்கூற்றில் ஒரு காரணம் இருக்கிறது. ஒலியலை என்பை ஊடுருவாது. வளர்ந்தவரின் முள்ளந்தண்டில் ஸ்கான் வைத்தால் பெரும்பாலும் என்பின் நிழல்தான் தெரியும். பிறந்த குழந்தையின் முள்ளந்தண்டின் பின்பக்கம் பெரும்பகுதி இன்னும் என்பாக இறுகாத கசியிழையம், அதனால் உள்ளே எல்லாம் தெரியும். முதல் மூன்று நாலு மாதம் படம் மிகத் தெளிவு. ஆறு மாதத்துக்கு மேல் என்பு இறுகி, படம் மங்கிக்கொண்டே போகும்.

கர்ப்பிணித் தாய்மாரின் வயிற்றில் வைக்கும் வளைந்த புரோப் இதற்குச் சரிவராது. தட்டையான முகமுள்ள, 7 முதல் 12 மெகாஹேட்ஸ் வரையான அதிர்வெண் தரும் புரோப் வேண்டும். அதை நாரியில் நீளவாக்கில் வைத்தால், முண்ணாண் கருமையான ஒரு தண்டாக வந்து கூராகி முடியும் இடம் திரையில் தெரியும். அதற்குக் கீழே கறுப்புப் பட்டை, அதுதான் நீர். அதற்குள் வெள்ளை இழைகள் நாடித் துடிப்போடு அசையும். அந்தக் கறுப்புப் பட்டை அகலமாக உள்ள இடைவெளியைத் தெரிந்து, தோலிலிருந்து அதுவரை எத்தனை மில்லிமீற்றர் என்றும் அளந்துவிடலாம். நிமிர்ந்த பிள்ளையில் பார்க்காமல், குத்தப் போகிற நிலையில் மடக்கிப் பிடித்தபடியே பார்க்க வேண்டும்.

அதன்பின் அடையாளம். புரோப்பின் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு, பிறகு குறுக்காகவும் கோடு, இரண்டும் வெட்டும் புள்ளியில் ஊசி. சிக்கல் இங்கேதான் வரும். ஸ்கான் ஜெல் ஈரத்தில் மை பிடிக்காது. பிடித்தாலும் கிருமிநீக்கி துடைக்கும்போது அழியும். அதனால் ஜெல்லை நன்றாகத் துடைத்துவிட்டு, ஊசி மூடியின் வாயைத் தோலில் கொஞ்சம் அழுத்தி ஒரு வட்டத் தடம் வைப்பது உண்டு. மை போனாலும் அந்தத் தடம் சில நிமிடம் நிற்கும். அதற்குள் பிள்ளை நெளிந்து நிலை மாறினால் தோல் நகர்ந்துவிடும், அடையாளம் வேறு இடத்தைக் காட்டும். அப்படியானால் திரும்பவும் பார்க்க வேண்டும்.

பலன் உண்டா? 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஆறு மாதத்துக்குட்பட்ட 128 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஸ்கானில் அடையாளம் வைத்த பக்கத்தில் முதல் குத்திலேயே சரிவந்தது 58 வீதம், கையால் மட்டும் பார்த்த பக்கத்தில் 31 வீதம். பெரிய வித்தியாசம். ஆனால் அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. செய்பவரின் பழக்கம் எப்படி, கையால் செய்பவர் ஏற்கெனவே எவ்வளவு தேர்ந்தவர் என்பதைப் பொறுத்து லாபம் கூடிக் குறைகிறது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன். பழகியவர் கையில் இருந்தால் நான் என் பிள்ளைக்கும் இதையே கேட்பேன்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். பழகியவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் இயந்திரம் வேறு கட்டடத்தில், பூட்டிய அறைக்குள் இருந்து, திறப்பு இன்னொருவரிடம் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணித்தியாலமாகும். காய்ச்சல் பிள்ளையை ஸ்கான் அறை வாசலில் வைத்துக் காத்திருப்பதும் நல்லதல்ல.

ஒரு நிலையில் மட்டும் ஸ்கான் விருப்பத்துக்கு விடப்படும் விஷயம் அல்ல. பிள்ளையின் நாரியில், பிட்டப் பிளவுக்கு மேலே ஆழமான குழி, மயிர்க் கற்றை, கொழுப்புக் கட்டி, சிவப்புத் தழும்பு ஏதாவது இருந்தால் முண்ணாண் கீழே ஒட்டியிருக்கக்கூடும். குளிப்பாட்டும் தாய்க்கும் அம்மம்மாவுக்கும் இது டொக்டரைவிட முந்தித் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பார்க்காமல் குத்தக்கூடாது.

ஸ்கானைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவது

கேட்க மிகச் சிறந்ததாகப் படும். நடைமுறையில் பிறந்த குழந்தையின் நாரி ஒரு புரோப் வைக்கவே போதாத அளவு சின்னது. அதில் புரோப்புக்குக் கிருமி நீக்கிய உறை, கிருமி நீக்கிய ஜெல், ஒரு கையில் புரோப், மறு கையில் ஊசி. நிறையப் பழகிய கை வேண்டும். பலமுறை தவறிய பிள்ளைக்கு, அல்லது முள்ளந்தண்டு வளைந்த, சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்கு, அதற்கென்றே பயின்றவர் உள்ள இடத்தில் இது நல்ல வழி. நம் பக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் பிள்ளைக்கு இதைக் கேட்டு நிற்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்புவது

கிளிநொச்சியிலிருந்து யாழ் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாகப் போனால் நூறைத் தாண்டும். வவுனியாவுக்கு அநுராதபுரம் கிட்ட. ஓட்டத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். கடிதம் எழுதி, அங்கே கதைத்து, அம்புலன்ஸும் கூடப்போக ஒரு தாதியும் ஆயத்தமாகி, போன இடத்தில் புதிதாக ஒருவர் பிள்ளையை முதலிலிருந்து பார்த்து முடிக்கும்வரை எல்லாம் கணக்குத்தான். வலிப்பு வரக்கூடிய பிள்ளைக்கு ஓடும் வண்டிக்குள் செய்யக்கூடியது குறைவு.

ஸ்கான் பார்த்துக் குத்துவதற்காக மட்டும் பிள்ளையை இவ்வளவு தூரம் ஏற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். அனுப்ப வேண்டிய பிள்ளைகள் வேறு. நினைவு மங்கும் பிள்ளை, மூச்சு இயந்திரம் தேவைப்படக்கூடிய பிள்ளை, மூளை அழுத்தம் கூடியதற்கான அறிகுறி உள்ள பிள்ளை, முதுகில் மேலே சொன்ன குறி உள்ள பிள்ளை. அவர்களும் முதல் அன்ரிபயோற்றிக் ஏறிய பிறகுதான் வண்டி ஏற வேண்டும்.

இப்போது எடுக்காமல் மருந்தைத் தொடங்குவது

இதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். சில பிள்ளைக்கு இதுவே சரியான முடிவு. இரத்த அழுத்தம் விழுந்த பிள்ளை, மூச்சு நிலையில்லாத பிள்ளை, வலிப்பு நிற்காத பிள்ளை, குத்தும் இடத்தில் தோலில் புண் உள்ள பிள்ளை ஆகியோருக்கு ஊசி காத்திருக்கலாம். மாரியில் டெங்கு கூடும் மாதங்களில் இன்னொரு கவனமும் வேண்டும். டெங்குவில் இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகள் குறையும்; அவை குறைந்த பிள்ளையின் முதுகில் குத்தினால் உள்ளே இரத்தம் கசிந்து முண்ணாணின் நரம்புகளை அழுத்தலாம். எவ்வளவு நல்ல ஸ்கானும் அந்த ஆபத்தை நீக்காது.

விலை என்னவென்றால், மருந்து ஏறி சில மணித்தியாலத்துக்குள் நீரில் கிருமி வளராமல் போகலாம். சில கிருமிகள் இரண்டு மணித்தியாலத்திலேயே மறைந்துவிடும். கிருமியின் பெயர் தெரியாவிட்டால் மருந்தைச் சுருக்க முடியாது. ஆனால் கலங்களின் எண்ணிக்கை, புரதம், சீனி அளவு ஆகியவற்றில் உள்ள மாற்றம் உடனே மறையாது. அடுத்த நாள் எடுத்தாலும் பயன் உண்டு. மருந்துக்கு முன் இரத்தத்தை, கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு எடுத்துவிட்டால் இழப்பு இன்னும் குறையும்.

| வழி | மருந்து தாமதிக்குமா | மறைந்த செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|
| கை மதிப்பு | இல்லை | இரத்தம் கலந்தால் நீண்ட வாட் வாசம் | என்பு நன்றாகத் தட்டுப்படும் பிள்ளை, இரவு நேரம் |
| ஸ்கான் அடையாளம் | இயந்திரம் பக்கத்தில் இருந்தால் இல்லை | காத்திருப்பு, பழகாத கை | ஆறு மாதத்துக்குட்பட்டவர், கொழுத்த பிள்ளை, ஒருமுறை தவறியவர் |
| பார்த்தபடி குத்துவது | பெரும்பாலும் ஆம் | ஆள், உறை, பயிற்சி | வளைந்த முதுகு, பலமுறை தவறியவர் |
| மாற்றி அனுப்புவது | முதலில் மருந்து தராவிட்டால் ஆம் | பயண ஆபத்து, குடும்பச் செலவு | தீவிர சிகிச்சை தேவைப்படுபவர் |
| பிறகு எடுப்பது | இல்லை | கிருமி தெரியாமல் போவது | நிலையில்லாத பிள்ளை, இரத்தத்தட்டு குறைந்தவர் |

ஒருமுறை தவறிய பிறகு

ஸ்கானின் உண்மையான அருமை எனக்குத் தெரிவது இங்கே. இரண்டு குத்து சரிவராவிட்டால், மூன்றாவதாகவும் அதே கை அதே இடத்தில் முயல்வதில் அர்த்தம் குறைவு. முதல் குத்தில் கசிந்த இரத்தம் நீர்ப்பையின் வெளியே தேங்கி, அந்தக் கறுப்புப் பட்டையையே நசுக்கியிருக்கலாம். அப்போது எத்தனை முறை குத்தினாலும் நீர் வராது, வந்தாலும் இரத்தமாகத்தான் வரும். விரலுக்கு இது தெரியாது. ஸ்கான் இதைக் காட்டிவிடும். பட்டை நசுங்கியிருந்தால் மருந்தைத் தொடர்ந்தபடி சில நாள் விட்டு மறுபடி பார்க்கலாம். அகலமாக இருந்தால், வேறு இடைவெளியில், வேறு கையால் முயலலாம். முதல் குத்துக்கு ஸ்கான் கிடைக்காத வைத்தியசாலையிலும், இரண்டாவது தவறிய பிறகு அடுத்த நாள் காலையில் ஒரு ஸ்கான் கேட்பது மிக நியாயமான வேண்டுகோள்.

இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்கு முதுகு ஊசி மருந்து பலமுறை ஏறும், நாள் குறித்து மயக்கம் கொடுத்துச் செய்வது, அவசரம் இல்லை. இரத்தம் கலந்தால் புற்றுக்கலங்கள் நீருக்குள் போகக்கூடும் என்பதால் முதல் ஊசியை மிகத் தேர்ந்தவர் செய்ய வேண்டும். அங்கே ஸ்கானுக்கு நேரம் ஒதுக்குவதில் நட்டம் எதுவும் இல்லை.

கையெழுத்து வைக்கும் முன் கேட்கக்கூடியவை

டொக்டரிடம் கேட்கப் பயப்படாதீர்கள். "அன்ரிபயோற்றிக் ஏறிட்டுதோ, இல்லாட்டி எப்ப ஏறும்?" இது முதலாவது. "இரத்தத்தட்டு எண்ணிக்கை பார்த்தாச்சோ?" "விறைப்பு மருந்து போடுவீங்களோ?" "வாட்டில ஸ்கான் பார்க்கப் பழகின ஆள் இருக்கினமோ, இருந்தால் அடையாளம் வைக்கேலுமோ?" இல்லை என்ற பதில் வந்தால் அதற்காகத் தாமதிக்கச் சொல்லாதீர்கள். கடைசியாக, "ரெண்டு தரம் சரிவராட்டி அடுத்தது ஆர் செய்வினம்?" என்று கேளுங்கள். அந்த ஆளின் பெயரைக் குத்தத் தொடங்கும் முன்பே சொல்லக்கூடிய வாட் என்றால், நான் தயங்காமல் கையெழுத்து வைப்பேன்.